ஒரே ஏரி, ஒரு முழு நாள்: மணியோடு அல்ஸ்வாட்டர் கரையில்

போன வருடம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரே நாளில் நான்கு ஏரிகளைப் பார்த்துவிடலாம் என்று படுக்கை, சமையல் வசதியெல்லாம் உள்ள எங்கள் மோட்டார்ஹோம் வண்டியைக் கிளப்பினோம். நான், என் கணவர், எங்கள் லாப்ரடார் மணி. காலையில் விண்டர்மியர். இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி, 17 கிலோமீட்டர் நீளம். கரையில் இறங்க முடியவில்லை. பௌனஸ் ஊருக்குள் நகரவே முடியாத நெரிசல். இடமிருந்த ஒரு கார் பார்க்கின் வாசலில் உயரத் தடுப்புக் கம்பி இருந்தது. எங்கள் வண்டி 2.65 மீட்டர் உயரம். சரி, அடுத்த ஏரிக்குப் போவோம் என்று கிர்க்ஸ்டோன் கணவாய் வழியாக ஏறினோம். வளைவுகளில் மணி வாந்தி எடுத்தான். உச்சியைத் தாண்டி இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தது. அல்ஸ்வாட்டரை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கெஸ்விக் ஊரில் மழை, அங்கேயும் நிறுத்த இடமில்லை. வீடு திரும்பியபோது இரவு ஒன்பது மணி.

படுக்கப் போகும் முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று மணி நேரத்தில் மணி தரையில் கால் வைத்தது மொத்தம் நாற்பது நிமிடம். அவனுக்கு ஒன்பது வயது, இடுப்பில் கொஞ்சம் விறைப்பு. வண்டியில் ஏறச் சொன்னால் மறுவார்த்தை இல்லாமல் ஏறுகிறவன். அந்த நாற்பது நிமிடம் என்னை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த செப்டம்பரில் மறுபடி போனோம். இந்த முறை ஒரே ஒரு ஏரி. என் வாழ்க்கையில் மறக்க முடியாத நாட்களில் அது ஒன்றாகிவிட்டது. நாயோடு மோட்டார்ஹோமில் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நான்கு ஏரிகளில் எதை வைத்துக்கொள்வது? நிறைய யோசித்து அல்ஸ்வாட்டரைத் தேர்ந்தெடுத்தோம். நாங்கள் இருப்பது மான்செஸ்டர் பக்கம். எம்6 நெடுஞ்சாலையில் 40-ஆம் சந்திப்பில் வெளியே வந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் ஏரி வந்துவிடும். வண்டி கணவாய் எதுவும் ஏற வேண்டியதில்லை. ஏரியின் வடமேற்குக் கரை நெடுக ஏ592 சாலை தண்ணீரை ஒட்டியே போகிறது. ஏரியின் நீளம் சுமார் 12 கிலோமீட்டர்தான். அப்புறம் முக்கியமான காரணம், அங்கே ஓடும் பயணிகள் படகில் நாய்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் ஏரி, குளம், கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி என்று நீர்நிலைக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றனவோ, அதேபோல இந்த ஊர்க்காரர்களுக்கும் உண்டு. மியர், வாட்டர், டார்ன் என்பார்கள். லேக் டிஸ்ட்ரிக்ட் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாலும், பெரிய நீர்நிலைகளில் பெயரிலேயே ‘லேக்’ இருப்பது பாசென்த்வெய்ட் லேக் ஒன்றுக்குத்தான். மலை மேலே சின்னதாகத் தேங்கி நிற்பது டார்ன். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். எனக்கு இந்தப் பெயர்கள் பிடித்துப்போனதற்குக் காரணம், நீரோடு நெருங்கி வாழ்ந்த மக்கள்தான் நீருக்கு இத்தனை பெயர் வைப்பார்கள்.

எடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலரும் கவனிப்பதில்லை. பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்குப் பிறகு கார் ஓட்டத் தேர்ச்சி பெற்றவர்கள் பொதுவாக 3,500 கிலோ வரையுள்ள வண்டியைத்தான் ஓட்டலாம். நான் உரிமம் வாங்கியது 2011-இல். எங்களுடையது வேனை மாற்றி அமைத்த வண்டி, ஆறு மீட்டர் நீளம். 3,500 என்பது வண்டியின் எடை மட்டுமல்ல. ஆட்கள், சாமான், தண்ணீர், எரிவாயு உருளை, 31 கிலோ மணி எல்லாம் சேர்ந்தது. ஒரு முறை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எடைமேடையில் நிறுத்திப் பார்த்தோம். எல்லைக்கு 60 கிலோதான் பாக்கி இருந்தது. அன்று தண்ணீர்த் தொட்டி முழுவதும் நிரம்பியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு நாள் பயணத்துக்கு 100 லிட்டர் எதற்கு? இப்போது 30 லிட்டரோடு கிளம்புகிறோம். ஏற்றத்தில் வண்டி இழுக்கிற விதத்திலேயே வித்தியாசம் தெரிகிறது.

மணியின் இடம் பின் இருக்கை. முன்னோக்கிய, சீட் பெல்ட் உள்ள இருக்கை. மார்பை அகலமாகச் சுற்றிப் பிடிக்கும் ஹார்னஸ் போட்டு, அதை பெல்ட் பூட்டோடு இணைத்துவிடுவோம். கழுத்துப் பட்டையில் மட்டும் கட்டவே கூடாது. சடன் பிரேக் போட்டால் முழு வேகமும் கழுத்தில்தான் இறங்கும். வண்டியில் நாயைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 57-ஆம் விதியே சொல்கிறது. பின்னால் இருக்கும் படுக்கையில் நாயைச் சும்மா படுக்க வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு அது வசதியாகத் தெரியலாம். ஆனால் மோதல் என்று ஒன்று நடந்தால் அந்த 31 கிலோ பறந்து வந்து முன்னால் இருப்பவர் மீது விழும். இருவருக்கும் ஆபத்து.

வாந்திப் பிரச்சினைக்கு இரண்டு விஷயங்கள் உதவின. புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், அதுவும் வழக்கத்தில் பாதி அளவு. காலை ஆறே கால் மணிக்குக் கிளம்புவதென்றால் அது முடியாது, அதனால் அன்று காலை அவனுக்குச் சாப்பாடே இல்லை. ஏரிக்குப் போய்ச் சேர்ந்து அரை மணி கழித்துத்தான் கொடுத்தோம். இன்னொன்று, வழுக்காத தரை. வண்டிக்குள் பளபளப்பான தரை இருந்தால் நாய் நிற்கும்போதும் நடக்கும்போதும் கால் பரப்பித் தவிக்கும். ரப்பர் விரிப்பு போட்ட பிறகு மணி நிம்மதியாக நடமாடுகிறான். வாசல்படிக்கு மடிக்கிற சாய்தளம் ஒன்று வாங்கியிருக்கிறோம். வயதான நாய் ஒரு நாளில் எட்டு முறை ஏறி இறங்கினால் ஒவ்வொரு குதிப்பும் இடுப்பைத் தாக்கும்.

குடிக்கிற தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோகிறோம். இதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. மான்செஸ்டருக்குத் தண்ணீர் தருபவற்றில் முக்கியமான ஒன்று, அல்ஸ்வாட்டருக்கு மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேர்ல்மியர் ஏரி. 1894-இல் அங்கிருந்து 96 மைல் கால்வாய் வெட்டி முடித்தார்கள். பம்பு இல்லை, சரிவை வைத்தே தண்ணீர் நகரத்துக்கு வருகிறது. மணியின் பாட்டிலில் இருந்த தண்ணீர் இந்த மலைகளிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து, எங்களோடு மறுபடி மலைக்குப் போனது.

எட்டரை மணிக்கு ஏரியின் வடக்கு முனையான பூலி பிரிட்ஜில் இருந்தோம். பள்ளிகள் திறந்துவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை. கார் பார்க்கில் ஆறேழு வண்டிகள்தான். இந்த விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: மோட்டார்ஹோமுக்கு இந்தப் பகுதியில் காலை ஒன்பதரைக்குள் இடம் கிடைத்துவிடும், பதினொரு மணிக்குக் கிடைக்காது. வண்டியின் பின்பகுதி புல்வெளிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்தினால் ஒரே கட்டத்துக்குள் அடங்கும். நடைபாதைப் பக்கம் நீட்டினால் நடப்பவர்களுக்கு இடைஞ்சல். எங்கே போனாலும் பலகையைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். இரவு தங்க அனுமதி இல்லாத இடங்களே அதிகம்.

அந்த ஊரின் பெயருக்குக் காரணமான பாலம் 1764-இல் கட்டிய கல் பாலம். 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் அது அடித்துக்கொண்டு போய்விட்டது. 2020 அக்டோபரில் துருப்பிடிக்காத எஃகினால் ஆன புதுப் பாலம் திறந்தார்கள். அதன் மேல் நின்று கீழே பார்த்தால் ஈமண்ட் ஆறு ஏரியிலிருந்து வெளியேறுவது தெரியும். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியிலுள்ள கூழாங்கற்களை எண்ணலாம். மணி கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி நின்றான். நகரவே இல்லை. நாங்களும் நின்றோம். போன வருடமாக இருந்தால் “வாடா, நேரமாச்சு” என்று இழுத்திருப்பேன்.

கரையில்தான் அந்த நாளின் ஒரே பயம் வந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு மூலையில் காற்று ஒதுக்கித் தள்ளிய இடத்தில், தண்ணீரின் மேல் பச்சை பெயின்ட்டைக் கொட்டியதுபோல ஒரு படலம். மணி நேராக அங்கேதான் போனான்.

“இந்தா, கயிறைப் பிடி! தண்ணியில வாய வைக்கப் போறான்!” என்று என் கணவர் கத்தினார்.

இழுத்துவிட்டேன். அவன் நாக்கு தொடவில்லை. அது நீலப்பச்சைப் பாசிதானா என்று அங்கே நின்று முடிவுசெய்ய முடியாது. பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும். ஆனால் நாய் விஷயத்தில் சந்தேகமே போதும். கோடை முழுக்கச் சூடு ஏறிய தண்ணீரில், காற்று அதிகம் இல்லாத நாட்களில், இந்தப் பாசி பெருகும். பட்டாணி சூப் மாதிரியோ, பச்சைத் தூள் தூவியது மாதிரியோ தெரியும். அதில் சில வகைகள் உண்டாக்கும் நஞ்சு நாயின் கல்லீரலையோ நரம்புகளையோ தாக்கும். சில மணி நேரத்தில், சில சமயம் அதற்கும் முன்பே உயிர் போய்விடலாம். மாற்று மருந்து கிடையாது. குடித்துத்தான் ஆபத்து வரவேண்டும் என்பதில்லை. நீந்தி வந்து உடம்பை நக்கினாலும் போதும். அப்படி இறங்கிவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவி, நக்க விடாமல், அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். அதனால்தான் கிளம்புவதற்கு முன்பே பக்கத்து ஊர்களான பென்ரித்திலும் கெஸ்விக்கிலும் உள்ள கால்நடை மருத்துவமனைகளின் எண்களைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஏரிப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. வரைபடத்தையும் முன்னாலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, ஓட்டமுள்ள தெளிந்த இடத்தில் மணி வயிறு நனைய நின்றான். குளிர்ந்த தண்ணீர். ஒரு கல்லை முகர்ந்து, இன்னொரு கல்லை முகர்ந்து, அப்படியே இருபது நிமிடம்.

அங்கிருந்து தெற்கே ஓட்டும்போது ஏரி நம் இடது கைப் பக்கம். முதல் சில மைல்கள் சாலை அகலம்தான்; அப்புறம் இரண்டு பக்கமும் கருங்கல் அடுக்குச் சுவர் நெருங்கி வரும். எங்கள் வண்டிக்குக் கண்ணாடிகளையும் சேர்த்து அகலம் 2.5 மீட்டர். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், உயரத்தையும் சேர்த்து. அவசரத்தில் பலகையைப் பார்க்கும்போது மனக்கணக்கு ஓடாது. பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால், சாலையோரம் ஒதுங்கி நிற்கும் இடமான லேபை வந்ததும் ஒதுங்கி விட்டுவிடுவேன். நீண்ட வரிசையைப் பின்னால் வைத்துக்கொண்டு போகாதீர்கள் என்று விதியும் சொல்கிறது, 169-ஆவது. அதைவிட, ஒதுங்கின பிறகு தோள் தளர்கிறதே, அந்த நிம்மதிக்காகவே ஒதுங்கலாம். அன்று இரண்டு இடத்தில் ஒதுங்கினேன். இரண்டு இடத்திலும் ஏரி பார்க்கக் கிடைத்தது.

ஏரா ஃபோர்ஸ் அருவிக்கு ஒன்பதே முக்காலுக்குப் போனோம். இயற்கை, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கார் பார்க், உறுப்பினர்களுக்கு இலவசம். ‘ஃபோர்ஸ்’ என்றால் இங்கே அருவி, அதுவும் நார்ஸ் மொழிச் சொல்தான். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. மேலேயும் கீழேயும் கல் பாலம். குற்றாலத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அளவில் இது பெரிய அருவி இல்லை, ஆனால் அந்தப் பச்சை இருட்டும் சாரலும் ஊரை நினைவுபடுத்திவிட்டன. பாதையில் படிகள் அதிகம், சாரலில் நனைந்து வழுக்கும். மணியின் இடுப்பை நினைத்து அடிப் பாலம் வரை மட்டும் போய்த் திரும்பினோம். மரங்களில் செவ்வணில்கள் இருக்கும் பகுதி. நாயைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும்.

கயிறு என்றதும் ஆடுகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மலைகளில் மேய்கிற ஹெர்ட்விக் செம்மறி ஆடுகள் இந்த மண்ணுக்கே உரியவை. குட்டி கறுப்பாகப் பிறக்கும். ஒரு வயதில் அடர்ந்த பழுப்பு. வளர வளரச் சாம்பல் நிறம், முகம் மட்டும் வெளுத்துப்போகும். வேலி இல்லாத மலையில், எந்த மந்தை எந்தச் சரிவில் மேய்வது என்பதைத் தாய் ஆட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக அதே சரிவை விட்டு அகலாமல் மேயும். நம் ஊர்க் கீதாரிகள் கிடையை ஊர் ஊராக ஓட்டிப் போவார்கள் என்றால், இங்கே ஆட்டின் நினைவே எல்லைக்கோடு. 2001-இல் கோமாரி நோய் வந்து, அது பரவாமலிருக்கப் பண்ணை பண்ணையாக ஆடுகளைக் கொல்ல வேண்டிவந்தபோது, ஆடுகளோடு அந்த நினைவும் அழிந்துவிடுமோ என்றுதான் இந்தப் பகுதியில் பெரிய பயம் இருந்தது.

அப்படிப்பட்ட மந்தையை ஒரு நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் ஆடுகள் சிதறும், சினை ஆடு குட்டியை இழக்கும், சுவரில் மோதிச் சாகும். அதனால் சட்டம் கடுமையானது. பொதுமக்கள் நடக்க அனுமதியுள்ள திறந்த மலை நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மேல் போகாத கயிற்றில் நாய் இருக்க வேண்டும். கால்நடை அருகில் இருந்தால் வருடம் முழுக்க. ஆட்டை நாய் தொல்லைப்படுத்துவது 1953-இலிருந்தே குற்றம். வேறு வழியில்லாமல் மந்தையைக் காக்க விவசாயி நாயைச் சுட்டால் சட்டம் அவர் பக்கம் நிற்க இடமுண்டு. மணி சாது. நிஜமாகவே சாது. ஆனாலும் அவன் ஆட்டைப் பார்த்ததும் காதை விறைப்பதைப் பார்த்திருக்கிறேன். நீண்டு சுருங்குகிற கயிறு வேண்டாம், சாதாரணமான தோல் கயிறே நம்பகமானது. மாடுகள் இருக்கும் வயலில் மட்டும் நேர்மாறான ஒரு விதி: மாடு துரத்தி வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டுக்கு நாய்தான் எதிரி. நாய் ஓடித் தப்பித்துவிடும், பிடித்துக்கொண்டு நிற்கிற நாம்தான் மாட்டிக்கொள்வோம்.

ஏரியின் தெற்கு முனையிலுள்ள கிளென்ரிடிங் படகுத்துறையில் வண்டியை நிறுத்திவிட்டு ஹௌடவுனுக்குப் படகு ஏறினோம். பூலி பிரிட்ஜிலிருந்து கிழக்குக் கரையில் ஹௌடவுனுக்கு ஒரு சாலை இருக்கிறது. வழிகாட்டும் கருவியான சாட்நேவ் அதைத் தாராளமாகக் காட்டும். மோட்டார்ஹோமோடு அதில் போகாதீர்கள். ஒரு வண்டி அகலம், கடைசியில் கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு மேல் போக வழி இல்லை. படகுதான் சரி. இந்தப் படகுகளில் ‘லேடி ஆஃப் த லேக்’ 1877-இல் நீரில் இறங்கியது. நீராவியில் ஓடியது இப்போது டீசலில் ஓடுகிறது. நாய்கள் நாலைந்து இருந்தன. எல்லாம் தரையில் வயிற்றைப் பதித்துப் படுத்துவிட்டன. எஞ்சினின் மெல்லிய அதிர்வு அவற்றுக்குப் பிடித்துவிட்டது போலும்.

இதே ஏரியில்தான் 1955 ஜூலையில் டொனால்ட் கேம்ப்பெல் என்பவர் புளூபேர்ட் என்ற வேகப் படகில் மணிக்கு 202 மைல் வேகத்தில் போய், நீரில் வேகத்துக்கான உலக சாதனை படைத்தார். இன்று இங்கே படகுகளுக்கு வேக வரம்பு 10 மைல். அந்த வேகத்தில் போனால்தான் மலை மெதுவாகத் திரும்புவது தெரிகிறது. ஒரு சரிவின் நிழல் இன்னொரு சரிவில் ஏறுவதைப் பார்க்க முடிகிறது. என் கணவர் எழுந்து போய் முன்னால் நின்றுகொண்டார். நான் மணியின் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஹௌடவுனில் இறங்கிய பலரும் கிளென்ரிடிங்குக்குக் கரையோரமாகவே நடந்து திரும்பத் தயாரானார்கள். பத்து கிலோமீட்டருக்கு மேல் வரும் பாதை, அழகானது என்று கேள்வி. சிலர் 388 மீட்டர் உயரமுள்ள ஹாலின் ஃபெல் மலையில் ஏறினார்கள். நாங்கள் கூழாங்கல் கரையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த படகுக்கு உட்கார்ந்துவிட்டோம். நாய் எவ்வளவு நடக்குமோ அதில் பாதியை மட்டும் திட்டத்தில் எழுதுங்கள். மீதிப் பாதி, அது முகர்ந்து பார்ப்பதற்கும் நிற்பதற்கும். இதுதான் இந்த வருடம் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரியது.

மதியம் வண்டிக்குள் சாப்பாடு. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மணிக்குத் தனி டப்பா. நம் சாப்பாட்டில் வெங்காயமும் பூண்டும் இல்லாத பண்டம் குறைவு. இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், அதனால் பாயசம் மிச்சத்தைக் கீழே வைக்கவே கூடாது. எவ்வளவு கெஞ்சும் கண்ணோடு பார்த்தாலும் சரி.

சாப்பிட்ட பிறகு கடைப் பக்கம் போய்வரலாம் என்று தோன்றியது. வெளியே 21 டிகிரி, இதமான வெயில். ஆனாலும் ஒருவர் மாற்றி ஒருவர்தான் போனோம், ஒருவர் மணியோடு வண்டியில். வெளியே 22 டிகிரி இருந்தால் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறலாம் என்று விலங்குநல அமைப்பான ஆர்எஸ்பிசிஏ எச்சரிக்கிறது. மோட்டார்ஹோம் பெரிதாக இருப்பதால் சூடாகாது என்று நினைப்பது தவறு. முன் கண்ணாடி வழியே வருகிற வெயில் அதையும் சூடாக்கும். கூரை ஜன்னல் திறந்திருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

திரும்பும்போது கிர்க்ஸ்டோன் பக்கம் போகவில்லை. 454 மீட்டர் உயரம், செங்குத்தான இறக்கம். போகிறவர்களுக்கு ஒன்று: இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு வண்டியைப் பிடியுங்கள். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, கடைசியில் பிடிக்காமலே போய்விடும். போன வருடம் எனக்கு வந்த வாடை அதுதான். கணவாயிலிருந்து ஆம்பிள்சைடுக்கு நேரே இறங்கும் கிளைச்சாலையின் பெயரே ‘த ஸ்ட்ரகிள்’, திணறல். நான்குக்கு ஒன்று ஏற்றம், அதாவது நான்கு மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும். ஹார்ட்நாட் கணவாயோ மூன்றுக்கு ஒன்று, ரைனோஸ் கணவாயும் செங்குத்துதான். இந்த மூன்றிலும் மோட்டார்ஹோமுக்கு வேலையே இல்லை.

வந்த வழியே வடக்கே திரும்பினோம். இப்போது பாறைப் பக்கம் என் இடது கை. கிளென்ரிடிங்குக்கும் கிளென்காய்னுக்கும் நடுவே ஸ்டைபாரோ கிராக் என்ற இடத்தில் பாறை சாலை வரை வந்து நிற்கிறது. சரியாக அங்கே எதிரில் ஒரு சுற்றுலாப் பேருந்து. உயரமான வண்டியில் கீழே டயருக்கு இடம் இருந்தாலும் மேலே கூரை ஓரம் பாறையில் உரசிவிடும். கண்ணாடியில் டயரை மட்டும் பார்த்து ஒதுங்கினால் ஏமாந்துபோவோம். நான் முழுக்க நிறுத்திவிட்டேன். என் கணவர் இறங்கிப் போய் மேலே பார்த்து, கையைக் காட்டி, “இன்னும் ஒரு சாண் இருக்கு, அங்கேயே நில்லு” என்றார். கண்ணாடிகளை மடித்தேன். பேருந்து ஓட்டுநர் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போனார், போகும்போது கையை உயர்த்தினார். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். பின்னால் நின்ற ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மறுபடி பூலி பிரிட்ஜ். கிளம்பும் முன் உண்ணி தேடும் வேலை. பெரணிப் புதருக்குள் நடந்த நாயை அன்றே தேட வேண்டும்: காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் இடுக்கு, விரல்களுக்கு நடுவே. லைம் நோயைப் பரப்புவது உண்ணிதான், மனிதர்களுக்கும் வரும். இரண்டு இருந்தன. விரலால் நசுக்கக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது, சூடும் காட்டக் கூடாது. கொக்கி போன்ற சின்னக் கருவியை உடம்பை ஒட்டிச் செருகி, திருகினால் முழுசாக வந்துவிடும். எங்கள் கால்களையும் பார்த்துக்கொண்டோம். கழிவுநீர்த் தொட்டியை அங்கே திறக்கவில்லை. பாத்திரம் கழுவின தண்ணீராக இருந்தாலும் அது வீட்டுக்குத்தான் வரவேண்டும். சோப்பிலிருக்கும் சத்துக்களும் சேர்ந்துதான் காலையில் பார்த்த மாதிரிப் பாசியை வளர்க்கின்றன.

எல்லாம் முடித்து சாய்தளத்தை விரித்தேன். மணி ஏறவில்லை. திரும்பி ஏரியைப் பார்த்தபடி புல்லில் உட்கார்ந்துவிட்டான். எதிர்க் கரையில் வெயில் மலையின் பாதி வரை இறங்கியிருந்தது. அவன் காதுகள் காற்றில் லேசாக அசைந்தன.

“கிளம்பலையா?” என்றார் அவர்.

“அவன் எழுந்திருக்கட்டும்ங்க” என்றேன்.

ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து அவன் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ஆறே முக்காலுக்கு அவனாகவே எழுந்து, உடம்பை ஒரு முறை உலுக்கி, சாய்தளத்தில் ஏறினான்.